பசி சமைத்த ஊர்

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் பசியாறிய சாப்பாட்டைத் தேடி இன்று உலகமே வரிசையில் நிற்கிறது. தெருத்தெருவாக ஓர் உணவுப் பயணம்.

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரத்தின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டி ஒரு நாசி கண்டார் கடை இருக்கிறது. ஊர் பாதி அடங்கிய பிறகுதான் அது திறக்கும். அதற்குள் வரிசை தெருவுக்கு வந்துவிடும். வேலை முடிந்து வரும் மலாய் இளைஞர்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரும் சீனக் குடும்பங்கள், விமானத்திலிருந்து இறங்கிய கையோடு வந்தவர்கள் என எல்லோரும் ஒரே வரிசைதான்.

முறை வந்ததும் தட்டில் வெள்ளைச் சோறு விழும். எதிரே அகன்ற பாத்திரங்களில் ஆட்டுக்கறி, பொரித்த கோழி, மீன் தலைக் குழம்பு, கணவாய், மீன் சினை, கருத்த மாட்டிறைச்சி, வேகவைத்த வெண்டைக்காய். வேண்டியதைக் கைகாட்டினால் போதும். அதற்குப் பிறகு நடப்பதுதான் இந்தச் சாப்பாட்டின் உயிர். பரிமாறுபவர் ஒரு கரண்டி மீன் குழம்பு, அதன்மேல் கொஞ்சம் கோழிக் குழம்பு, அதற்கும் மேல் கறிக் குழம்பு என்று நாலைந்து பாத்திரங்களுக்குள் கரண்டியை விட்டு எடுத்து, சோறு மறையும்வரை ஊற்றுவார். இதற்கு அங்கே 'பாஞ்சிர்' என்று பெயர். வெள்ளம் என்று பொருள். தனித்தனியாக ஊற்றச் சொன்னால் ஊற்றித் தருவார்கள். ஆனால் அது நாசி கண்டார் ஆகாது.

முதல் கவளத்தில் ராமநாதபுரத்துக்காரரின் நாக்கு தன் வீட்டை அடையாளம் கண்டுகொள்ளும். மல்லி, மிளகாய், சோம்பு, பட்டை எல்லாம் அப்படியே இருக்கின்றன. இரண்டாவது கவளத்தில் கருத்த இறைச்சித் துண்டு ஒன்று சிக்கும். அதன் இனிப்பும் கருப்பும் சீனர்களின் சோயா சாஸ் தந்தவை. நம் குழம்புக்குள் சீனத்து ஜாடி எப்போது புகுந்தது?

ஒரு ஊரைச் சுற்றிப் பார்க்கக் கோயிலும் கோட்டையும் கடற்கரையும் போதும். அந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், அங்கே கிடைக்கும் ஒவ்வொரு தட்டின் முன்னாலும் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். இதை முதன்முதலில் சாப்பிட்டது யார்? எந்த நேரத்தில், என்ன வேலை முடித்துவிட்டு? பினாங்கைப்போல இந்தக் கேள்விக்கு வாய்திறந்து பதில் சொல்லும் ஊர்கள் குறைவு.

தோளில் வந்த சோறு

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேய வணிகர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் கொடி ஏற்றினார். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்று அறிவித்ததும் கப்பல்கள் திரும்பின. சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துணியோடு வந்தார்கள். தென்சீனத்திலிருந்து ஹொக்கியன், தியோச்சு, கான்டோனியர், ஹைனானியர் வந்தார்கள். அச்சேயரும் அரபிகளும் ஆர்மேனியரும் சயாமியரும் வந்தார்கள். வணிகர்களைவிடப் பல மடங்கு அதிகமாக, கூலிகள் வந்தார்கள். பேராக்கின் வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் போன சீனர்களும், பின்னாளில் ரப்பர் தோட்டங்களுக்குப் போன தமிழர்களும் இந்தத் துறைமுகத்தில்தான் கால் பதித்தார்கள். அவர்களில் பலரை முதலில் பக்கத்தில் உள்ள ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தனியாக நிறுத்திவைத்து, அதன்பிறகே உள்ளே விட்டார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் இன்னும் வாழும் 'ரஜூலா' கப்பல் 1926-லிருந்து பல பத்தாண்டுகள் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடு இணைத்தது.

இப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பம் இல்லாத ஆண்கள். விறகடுப்பு மூட்ட வீடு கிடையாது, நேரமும் கிடையாது. சோறுதான் அவர்களைத் தேடி வர வேண்டியிருந்தது. அப்படி வந்ததுதான் நாசி கண்டார். தோளில் காவடித் தண்டு, ஒரு முனையில் சோற்றுப் பாத்திரம், மறுமுனையில் குழம்புகள். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இப்படிச் சுமந்துகொண்டு துறைமுகத்துக்கும் கிட்டங்கிகளுக்கும் நடந்தார்கள். மூட்டை தூக்குபவருக்கு ஒரு வேளைச் சோற்றில் அரை நாள் உழைப்புக்கான தெம்பு வேண்டும். அதனால்தான் இந்த உணவில் எதுவுமே லேசாக இல்லை. காரம், எண்ணெய், கனம் எல்லாமே தூக்கல். பிறகு காவடி இறங்கியது, மரத்தடியில் ஒட்டுக்கடை ஆனது, ஒட்டுக்கடை கட்டடம் ஆனது. காம்ப்பெல் தெருவில் உள்ள ஹமீதியா 1907-லிருந்து நடக்கிறது. இன்றைக்கு நாசி கண்டார் விற்காத பெரிய ஊர் மலேசியாவில் இல்லை.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் இந்தச் சாப்பாட்டோடு சேர்த்தே பார்க்க வேண்டும். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவியது அது. ரமலான் மாதத்தில் அங்கே பெரிய அண்டாக்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் காய்ச்சுகிற அதே கஞ்சிதான். மலாய்க்காரர்கள் அதை 'புபுர் கஞ்சி' என்கிறார்கள். பாத்திரத்தோடு வந்து வாங்கிப்போகும் கூட்டத்தைப் பார்த்தால், இருநூறு ஆண்டுகளுக்கு முன் கரையேறியவர்கள் இன்னும் ஊரை மறக்கவில்லை என்பது தெரியும். அதே தெருவில் சிறிது தூரத்தில் சீனர்களின் குவான் யின் கோயிலும், அதைத் தாண்டினால் 1818-இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயமும் உண்டு. பக்கத்துக் குயின் தெருவில் 1833-லிருந்து மகாமாரியம்மன் இருக்கிறாள். வழிகாட்டிகள் இந்தத் தெருவைக் காட்டி நல்லிணக்கம் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்த நல்லிணக்கம் தெருவைவிடச் சட்டியில்தான் தெளிவாகத் தெரிகிறது.

மீ கோரெங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நூடுல்ஸ் சீனர்களுடையது. அதைச் சட்டியில் போட்டுப் புரட்டுபவர் தமிழ் முஸ்லிம். உருளைக்கிழங்கும் தோஃபுவும் மிளகாய் விழுதில் வெந்த கணவாயும் சேரும். கடைசியில் எலுமிச்சை பிழிந்து, மலாய்ப் பெயரோடு வாழையிலையிலோ தட்டிலோ வரும். சீனாவில் இது கிடைக்காது, தமிழ்நாட்டிலும் கிடையாது. பசெம்புர் என்றொரு பண்டமும் அப்படித்தான். இறால் வடை, அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, தோஃபு இவற்றை நறுக்கி, வெள்ளரித் துருவலைத் தூவி, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேர்க்கடலையும் சேர்ந்த கெட்டியான இனிப்புக் காரக் குழம்பை மேலே ஊற்றுவார்கள். மாலையில் கடற்காற்று வாங்கிக்கொண்டு சாப்பிட இதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஒரு சட்டி, ஒரு தட்டு

சார் குவே தியாவ் இன்னொரு கூலிச் சாப்பாடு. பட்டையான அரிசி நூடுல்ஸைப் பன்றிக் கொழுப்பில் வறுப்பது அதன் மூல வடிவம். மலிவாக வயிற்றை நிரப்பவும், நாளெல்லாம் உழைக்கச் சக்தி தரவும் அந்தக் கொழுப்பு வேண்டியிருந்தது. கடற்கரையில் பொறுக்கிய மட்டிச் சதை இதில் சேர்ந்ததற்குக் காரணமும் மலிவுதான்.

இதைச் செய்வதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். குழிந்த இரும்புச் சட்டி புகையும்வரை காய்கிறது. கொழுப்பு, பூண்டு, இறால். நூடுல்ஸ் விழுந்ததும் சோயாச் சாறு சட்டியின் ஓரத்தில் சீறுகிறது. நூடுல்ஸை ஒதுக்கி, நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுகிறார். சில கடைகளில் வாத்து முட்டை. முளைப்பயறும் பூண்டுத்தாளும் விழுகின்றன. மட்டி கடைசியில்தான். முன்னாலேயே போட்டால் ரப்பராகிவிடும். எல்லாம் முடிய இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. தட்டுக்கு வரும்போது அதில் ஒரு புகைமணம் ஏறியிருக்கும். சீனர்கள் 'வோக் ஹெய்' என்று கொண்டாடுவது அதைத்தான். சட்டியில் கூட்டம் சேர்ந்தால் சூடு இறங்கும், சூடு இறங்கினால் அந்த மணம் வராது. ஆகவே தேர்ந்த கைகள் ஒரு நேரத்தில் ஓரிரு தட்டுக்கு மேல் வறுப்பதில்லை. இருபது பேர் காத்திருந்தாலும் அப்படித்தான். சியாம் சாலைக் கடை கரியடுப்புக்குப் பேர்போனது. அங்கே விசிறுவது, வறுப்பது, தட்டில் தள்ளுவது என்று ஒரே தாளத்தில் வேலை ஓடுகிறது.

பினாங்கின் அங்காடிக் கடைகளில் பெரும்பாலும் ஒரு கடைக்கு ஒரு பண்டம்தான். லக்சா என்ற குழம்பு நூடுல்ஸ் போடுபவர் லக்சா மட்டும் போடுவார். நாற்பது ஆண்டுகள் ஒரே பண்டத்தைச் செய்த கையின் கணக்கு எந்தச் சமையல் புத்தகத்திலும் ஏறாது.

புளியும் பூவும்

என்னைக் கேட்டால் பினாங்கின் சிகரம் அசாம் லக்சாதான். தீவின் நடுவே ஆயர் ஈத்தாமில், கெக் லோக் சீ புத்தர் கோயில் நிற்கும் மலையடிவாரத்தில் அதற்குப் பெயர்பெற்ற கடைகள் உண்டு. மலைக்கு அப்பால் பாலிக் புலாவிலும் உண்டு.

கானாங்கெளுத்தி மீனை அவித்து, முள் நீக்கி, சதையை உதிர்த்துவிடுகிறார்கள். மீன் வெந்த நீரில் புளி, எலுமிச்சம்புல், சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், பெலாச்சான் என்ற இறால் விழுது எல்லாம் சேர்ந்து கொதிக்கும். புளியிலும் இரண்டு வகை. ஒன்று நம் புளி. மற்றது கேரளத்துக் குடம்புளிக்கு உறவான ஒரு காயின் உலர்ந்த வில்லைகள். இவற்றோடு இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூவின் இளஞ்சிவப்பு மொட்டை நறுக்கிப் போடுவார்கள். புங்கா கந்தான் என்று அதற்குப் பெயர். ஊருக்கு ஊர் எத்தனையோ லக்சா இருந்தாலும் தேங்காய்ப்பால் இல்லாத இந்தப் புளிப்புக்கும் இந்தப் பூமணத்துக்கும் பினாங்குக்குத்தான் வர வேண்டும்.

கிண்ணத்தில் தடித்த அரிசி நூடுல்ஸைப் போட்டுக் குழம்பை ஊற்றி, மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, மிளகாய் என்று குவிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கரண்டியில் தார்போலக் கருத்த ஹே கோ வரும். இறாலை வற்றக் காய்ச்சிய இனிப்புச் சாந்து அது. அதைக் குழம்பில் கரைத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். முதல் வாயில் புளிப்பு சுள்ளென்று ஏறும். அடுத்து மீன். அது அடங்குவதற்குள் அன்னாசியும் புதினாவும் குளிர்ச்சியைக் கொண்டுவரும். கடைசியில் ஹே கோவின் கனத்த கடல்வாசம் தங்கும். மீன்குழம்பில் வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமானதுபோலவும் புதியதுபோலவும் ஒரே நேரத்தில் இருக்கும். அந்த மொட்டின் வாசம் சிலருக்கு முதல் தடவை பிடிக்காது. இன்னொரு கிண்ணம் வாங்குங்கள்.

பாலிக் புலாவுக்குப் போனால் ஜாதிக்காய்ச் சாற்றையும் குடித்துவிட்டு வர வேண்டும். நமக்கு ஜாதிக்காய் என்றால் கொட்டை. அங்கே அதன் சதையைப் பிழிந்து சர்பத் ஆக்குகிறார்கள். டச்சுக்காரர்கள் மொலுக்காஸ் தீவுகளில் பூட்டிவைத்திருந்த மரம் இது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அங்கே ஆங்கிலேயர் கை ஓங்கியபோது கன்றுகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்து தோட்டம் போட்டார்கள். பெரும் வாசனைப்பொருள் கனவு பிற்பாடு நோயாலும் விலைவீழ்ச்சியாலும் சரிந்தது. மரங்களில் சில தங்கின. அந்த வரலாற்றைத்தான் இப்போது ஐஸ் போட்டுக் குடிக்கிறோம்.

நியோன்யா சமையல் இவற்றிலிருந்து விலகி நிற்கும். அது தெருவில் பிறக்காமல் வீட்டுக்குள் வளர்ந்த சமையல். முன்னரே குடியேறி மலாய்ப் பழக்கங்களை ஏற்றுக்கொண்ட பெரானாக்கான் சீனக் குடும்பங்களின் பெண்கள் அம்மியில் அரைத்து அரைத்து உருவாக்கியது. பினாங்கின் நியோன்யா சமையலில் சயாமின் சாயல் அதிகம், அதனால் புளிப்பும் மூலிகையும் தூக்கல். 'பெருட் இக்கான்' என்ற உணவில், வேண்டாமென்று எறியும் மீன் இரைப்பையை உப்பில் ஊறவைத்து, பலவித இலைகளை மயிரிழைபோல அரிந்து சேர்க்கிறார்கள். இலை அரியவே பாதி நாள் போய்விடும். இந்த உழைப்பை யாரும் வெகுகாலம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 2022 டிசம்பரில் மிஷலின் கையேடு முதன்முதலாகக் கோலாலம்பூர், பினாங்கு உணவகங்களுக்கு நட்சத்திரம் அறிவித்தபோது, ஜார்ஜ் டவுனின் 'ஆன்ட்டி கைக் லியான்ஸ்' என்ற நியோன்யா உணவகத்துக்கும் ஒன்று கிடைத்தது. வீட்டுச் சமையலுக்குக் கிடைத்த அந்த மரியாதை எனக்கு நிறைவாக இருந்தது.

யார் கை?

அதே கையேடு சில அங்காடிக் கடைகளையும் பரிந்துரைத்தது. பட்டியலில் வந்த கடையின் வரிசை நீண்டது. பத்தடி தள்ளி, அதே பக்குவத்தில் வறுக்கும் இன்னொருவர் ஈயோட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் சுற்றலாம், தவறில்லை. மறுநாளும் அதே பட்டியலோடு போனால், ஊரார் எங்கே சாப்பிடுகிறார்கள் என்பது கடைசிவரை தெரியாது.

அங்காடிக் கடைகளின் உண்மையான கவலை வேறு. ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்களில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பல பத்தாண்டுகள் இருந்தது. அது 1999-ஆம் ஆண்டு முடிவோடு விலகியது. வாடகை ஏறியதும், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் வெளியேறின. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபிறகு அந்த வீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் மாறின. சுவர்கள் காப்பாற்றப்பட்டன. சுவருக்குள் இருந்தவர்கள், அதாவது காலையில் கோப்பியும் இரவில் மீயும் வாங்கிச் சாப்பிட்ட அன்றாட வாடிக்கையாளர்கள், புறநகருக்குப் போய்விட்டார்கள். அங்காடிக்காரரின் பிள்ளைகள் படித்துக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அனல் முன்னால் நின்று வெந்த பெற்றோரே பிள்ளைகளை இந்த வேலைக்கு வர வேண்டாம் என்று படிக்க அனுப்புகிறார்கள்.

அந்த இடத்தைப் பல கடைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிரப்பினார்கள். சுவை கெட்டுவிடும் என்ற பயத்தில் பினாங்கு மாநில அரசு, ஊரின் அடையாளமான உணவுகளை அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று 2016 முதல் தடை கொண்டுவந்தது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. வெறும் செய்முறையை மனப்பாடம் செய்துகொண்டு வறுக்கும் கையில் பினாங்கின் சுவை நிற்காது என்பது உண்மைதான். ஆனாலும் இந்தத் தடையை என்னால் ஏற்க முடியவில்லை. காவடி சுமந்து நாசி கண்டார் விற்றவர் யார்? நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த வெளிநாட்டவர். சார் குவே தியாவை வறுத்தவர் தென்சீனத்திலிருந்து வந்தவர். அவர்கள் ஊரில் கிடைத்ததை எடுத்து, ஊரார் நாக்குக்கு ஏற்றபடி மாற்றி மாற்றித்தான் இந்தச் சமையலே உண்டானது. இன்று மியன்மாரிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ வரும் ஓர் இளைஞனுக்கு அந்த வாய்ப்பை ஏன் மறுக்க வேண்டும்? கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்ப்பதைவிட, அவனுக்கு எத்தனை ஆண்டுகள் நின்று கற்றுக்கொள்ள இடம் கொடுக்கிறோம் என்பதைப் பார்ப்பதே அந்தச் சட்டிக்கு நல்லது.

போகிறவர்களுக்கு

பினாங்கில் ஒவ்வொரு உணவுக்கும் ஒரு நேரம் உண்டு. காலையில் கிடைப்பது மாலையில் இருக்காது. ஒரு கடை மூடியிருந்தால் அன்றைக்குத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், நாளைக்கு முன்னதாக வாருங்கள். கோப்பித்தியாம் எனப்படும் சீனக் காபிக் கடைகளில் மேசைக்கு உரியவர் பானம் விற்பவர், சாப்பாட்டுக் கடைகள் அவரிடம் இடம் எடுத்து நடப்பவை. ஆகவே யாரிடம் சாப்பாடு வாங்கினாலும் பானம் விற்பவரிடம் ஒரு கோப்பியோ தேநீரோ சொல்லிவிட வேண்டும். நான்கு பேராகப் போவது நல்லது, தட்டுகளைப் பகிர்ந்துகொண்டால் நிறைய ருசிக்கலாம். லிட்டில் இந்தியா தெருக்களிலும், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளிலும் தமிழ் போதும். "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள். விலையை வெள்ளியில் சொல்வார்கள், ரிங்கிட்டைத்தான் அங்குள்ள தமிழர்கள் அப்படிச் சொல்கிறார்கள். வெயிலுக்கு கெங் குவீ சந்தில் 1936-லிருந்து விற்கும் செண்டோல் இருக்கிறது. பச்சைநிறச் சேமியாத் துண்டு, சிவப்புப் பயறு, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, மேலே சீவிய ஐஸ். கிண்ணத்தை நின்றபடியே குடித்து முடிப்பவர்கள்தான் அங்கே அதிகம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பினாங்கு நமக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவிட வேண்டாம். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் முதல் ஒன்பது நாட்கள் ஒன்பது பேரரசுத் தெய்வங்களின் திருவிழா நடக்கிறது. பல ஆண்டுகளில் அது நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும். பக்தர்கள் வெள்ளை உடுத்தி அந்த நாட்களில் சைவம் மட்டுமே சாப்பிடுவார்கள். தெருவெங்கும் மஞ்சள் கொடி கட்டிய கடைகள் முளைக்கும். அசாம் லக்சா, சார் குவே தியாவ் உட்பட ஊரின் பிரபல உணவுகள் பலவும் அப்போது மீனும் கொழுப்பும் இல்லாமல், காளானையும் சோயாவையும் வைத்துச் சமைக்கப்படுகின்றன. பயணத் தேதியைக் குறிப்பதற்கு முன் அந்த ஆண்டின் சீன நாட்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.